சார்லஸ்டன் வசந்தமும் விடுபட்ட கூடைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் தென் கரோலினாக் கடற்கரை பற்றிச் சென்ற இதழில் வந்த வசந்தகாலப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அசேலியா பூத்துக் குலுங்குவதையும், சார்லஸ்டன் நகரின் பழைய மாளிகைகளையும் கட்டுரையாளர் அழகாக எழுதியிருக்கிறார். அருகிலுள்ள மவுன்ட் பிளசன்டில் என் மகள் வீட்டில் இது எனக்கு மூன்றாவது வசந்தம். அவர் எழுதிய எதையும் நான் மறுக்கவில்லை. எழுதாமல் விட்டதுதான் வருத்துகிறது. நான்கு பக்கக் கட்டுரையில் கல்லா கீச்சி மக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். கடலோரத் தீவுகளில் ஒதுங்கி வாழ்ந்ததால் தங்களுக்கென ஒரு மொழியையும் சமையலையும் கைத்தொழிலையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கட்டுரையாளர் வியந்து நின்ற மிடில்டன் பிளேஸ் தோட்டம் 1741-இல் தொடங்கப்பட்டது. அதன் குளங்களை வெட்டி மண் சுமந்தவர்கள் அடிமைகள்தான். சார்லஸ்டன் மாளிகைகளை எழுப்பிய செல்வத்தில் பெரும்பங்கு நெல்லால் வந்தது. சதுப்பு நிலத்தில் நெல் விளைவிக்கும் அறிவை ஆப்பிரிக்காவிலிருந்து சுமந்து வந்தவர்களும் அவர்களே. நெல் குத்த மர உரலும் உலக்கையும், உமியைப் புடைக்கப் புல்லில் செய்த அகன்ற தட்டையான கூடையும் அவர்களிடம் இருந்தன. எங்கள் பக்கத்தில் சுளகு என்போம். வடிவம் வேறு, வேலை ஒன்றுதான். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மவுன்ட் பிளசன்ட் வழியாகப் போகும் 17-ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓரத்தில் இன்றும் மரச்சட்டக் கடைகளில் இந்தக் கூடைகள் தொங்குகின்றன. சுவீட்கிராஸ் எனப்படும் வாசனைப் புல்லை வேர் நிலத்தில் தங்கும்படி கையால் உருவி எடுக்கிறார்கள். உலர்த்தி, பைன் மரத்தின் நீண்ட ஊசியிலைகளோடு சேர்த்துக் கயிறுபோலச் சுற்றி, பால்மெட்டோ ஓலைக் கீற்றால் தைக்கிறார்கள். பால்மெட்டோ நம் பனைக்கு உறவு மரம். தைக்கும் கருவி பெரும்பாலும் தேய்த்துத் தட்டையாக்கிய கரண்டிக் காம்பு. ஆனால் அதன் பெயர் 'எலும்பு'. முன்காலத்தில் மாட்டு விலா எலும்பால் செய்ததால் வந்த பெயர் அது. நான் உடன்குடிப் பக்கத்தில் பிறந்தவள். அம்மா ஓலைப்பெட்டி முடைவதைப் பார்த்து வளர்ந்தேன். அந்தக் கடைகளில் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து, தைக்கும் விரல்களைப் பார்த்தபடி ஒரு பிற்பகல் முழுவதையும் கழித்தேன்.

இந்தப் புல் வளர்வது கடலோர மணல்மேடுகளுக்குப் பின்னால். அங்கெல்லாம் இப்போது விடுதிகளும் வேலியிட்ட குடியிருப்புகளும் வந்துவிட்டன. பாட்டிமார் நடந்து போய்ப் பறித்த புல்லுக்காகப் பேத்திகள் நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறார்கள். பெரிய கூடை ஒன்றுக்குப் பல வாரங்கள் ஆகலாம். 2006-இல் இதை மாநிலக் கைத்தொழிலாக அறிவித்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் எங்களோடு வந்த உறவினர் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டபோது, கூடை விற்ற அம்மா ஒன்றும் சொல்லாமல் கூடையைத் திரும்ப ஆணியில் மாட்டினார். உங்கள் இதழைப் படித்துவிட்டு இங்கே வருபவர்கள் அப்படிக் கேட்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். கட்டுரையாளர் உணவகங்களைப் பட்டியலிட்டார், அந்தச் சமையல் யாருடையது என்று சொல்லவில்லை. தக்காளியில் வேகும் சிவப்புச் சோறு, வெண்டைக்காய் சூப், காராமணி சேர்த்த 'ஹாப்பின் ஜான்' எல்லாம் ஆப்பிரிக்கக் கைப்பக்குவத்தில் பிறந்தவை. இறாலும் சோளக் குருணைக் களியும் இன்று விலை உயர்ந்த தட்டில் வருகின்றன. கடலுக்குப் போனவர்களின் காலை உணவு அது. வசந்தத்தில் தண்ணீர் சூடேறும்போது நீல நண்டு ஓட்டைக் கழற்றுகிறது. புது ஓடு இறுகுவதற்குள் பிடித்து முழுசாகப் பொரிக்கிறார்கள். ஏப்ரல் வாக்கில் இறால் படகுகளை அலங்கரித்து ஆசீர்வதிக்கும் விழா நடக்கிறது. வற்றுக்கடலில் கழிமுகச் சேறு வீசும் வாடையும், ஓடையோரத்தில் வீச்சுவலை வட்டமாக விரிந்து விழுவதும் என்னை நேராக எங்கள் பக்கத்துக் கடலோர ஊரான புன்னைக்காயலுக்குக் கொண்டுபோய்விடுகின்றன.

அடுத்த இதழில் ஜார்ஜியாக் கடற்கரை வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அங்கே சப்பெலோ தீவில் ஹாக் ஹம்மாக் என்ற சிற்றூர் இருக்கிறது. இதே கல்லா கீச்சி மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஊர் அது. பாலம் கிடையாது, படகில்தான் போக வேண்டும். முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கட்டுரையாளர் ஜார்ஜியாவின் சவானா நகரப் பூங்காக்களில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு அந்தப் படகில் ஏறட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உடன்குடி வாசகி
(தற்போது மவுன்ட் பிளசன்ட், தென் கரோலினா)