கலர் மணல் பெட்டி: பணத்தைத் திருப்பித் தரக் கோரி கடைசிக் கடிதம்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இந்தப் புகாரை ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டேன், மெயிலில் எழுதிவிட்டேன், உங்கள் சாட்டில் பதில் சொல்லும் இயந்திரத்திடமும் அழாத குறையாகச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் "முதலிலிருந்து சொல்லுங்க" என்கிறீர்கள். சரி, சொல்கிறேன். கண்ணாடிப் பாட்டிலுக்குள் கலர் மணலை அடுக்கடுக்காகக் கொட்டிப் படம் செய்யும் உங்கள் கைவேலைப் பெட்டியை என் பிள்ளைகளுக்கு வாங்கினேன்.

நீலப் பையும் மஞ்சள் பையும்தான் பிரச்சினை. நீங்கள் தயாரித்த பொருள், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நீலம் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி நைசு. மஞ்சள் கொரகொரவென்று பெரிய துகள். மஞ்சளுக்கு மேல் நீலத்தைக் கொட்டினால் அது இடுக்கு வழியாகக் கீழே இறங்காமல் வேறென்ன செய்யும்? என் மகள் மூங்கில் குச்சியைக் கண்ணாடி ஓரமாக விட்டு, நீலம் கூர்கூராக மஞ்சளுக்குள் இறங்கும்படி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் குத்தினாள். அழகாகத்தான் வந்தது. பாட்டிலை அலமாரிக்கு எடுத்துப் போவதற்குள் முனையெல்லாம் மழுங்கி, நடுவில் அழுக்குப் பச்சையாக ஒரு பட்டை. "அம்மா, நான் பச்சையே போடலையே" என்றாள். நான் என்ன பதில் சொல்வது?

காலியிடம் விட்டால் கலையும் என்பது எங்களுக்கும் தெரியும். அதனால் கழுத்து வரை நிரப்பி, தட்டி, அழுத்தி, அதற்கப்புறம்தான் கார்க்கை இறுக்கினோம். இதைப் போனில் உங்கள் ஊழியரிடம் விளக்கியபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மணல்னா கலையத்தான் செய்யும் மேடம். சின்னப் பிள்ளைங்க கையில கொடுத்துட்டு எங்களைக் கேட்டா?" பெட்டியின் மேல் சிரிக்கும் குழந்தைப் படம் போட்டு விற்றது யார்? நானா? மணல் கலையத்தான் செய்யுமாம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் அயோவாவில் ஆண்ட்ரூ கிளெமென்ஸ் என்பவர் பசையே இல்லாமல், இயற்கை நிற மணலை மட்டும் பாட்டிலுக்குள் அடுக்கி, கப்பலும் கொடியும் பூவும் செய்தார். அவர் 1894இல் இறந்துவிட்டார். அந்தப் பாட்டில்கள் இன்றும் அருங்காட்சியகத்தில் கலையாமல் இருக்கின்றன. உங்கள் மணல் அலமாரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

அதைவிடக் கொடுமை, பாட்டிலை நேரில் கொண்டுவரச் சொன்னது. கூட்டமான பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு, யாரும் இடித்துவிடாமல் இரண்டு கையாலும் மூடியபடி வந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது குலுங்கினதால கலந்திருக்கு, உத்தரவாதத்தில் வராது" என்றார். எடுத்துவரச் சொன்னதே நீங்கள்தானே என்றேன். "போட்டோ அனுப்பியிருந்தால் போதுமே" என்றார். போட்டோ அனுப்பியபோது நேரில் வரச் சொன்னதும் உங்கள் அலுவலகம்தான்! அன்று முழுக்க வேலையும் கெட்டது, மிச்சமிருந்த இரண்டு அடுக்கும் கெட்டது.

சொல்ல விட்டுப்போனது: கருப்பு மணல் ஈரமாக வந்திருந்தது. கட்டி கட்டியாகப் புனலில் அடைத்துக்கொண்டது. அதைக் குத்திவிடப் போய் என் மகன் புனலையே உடைத்துவிட்டான். சிவப்பின் சாயம் விரலில் ஒட்டி, சோப்பு போட்டும் போகவில்லை. நீலத்தைக் கொட்டும்போது எழுந்த தூசியில் இருவருக்கும் இருமல். மணலில் இருக்கும் சிலிக்கா என்ற தாதுவின் நுண்ணிய தூசியைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு என்பது மணல் விற்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இது என்ன மணல், எதில் சாயம் போட்டீர்கள் என்று கேட்டேன். போனில் பேசிய அதே ஊழியர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிள்ளைகளின் விடுமுறையே இதில் பாழாகிவிட்டது. மகள் தோழியின் பிறந்தநாளுக்குக் கொடுக்க நினைத்திருந்த பரிசும் போயிற்று. இனிமேல் கைவேலை என்றாலே வேண்டாம் என்கிறாள். இதற்கெல்லாம் நீங்கள் விலை போட முடியுமா?

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள் என்று நம்பித்தான் இவ்வளவு பொறுமையாக எழுதுகிறேன். தயவுசெய்து முழுப் பணத்தையும் திருப்பி அனுப்புங்கள். மாற்றுப் பெட்டி வேண்டாம், தள்ளுபடி கூப்பனும் வேண்டாம். மணலிலும் சாயத்திலும் என்ன இருக்கிறது என்பதை எழுத்தில் தாருங்கள். இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அந்தத் தொலைபேசி உரையாடலை நீங்கள் பதிவு செய்திருப்பீர்கள், "பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறீர்களே, அதையும் அங்கே கேட்கச் சொல்வேன்.

ரசீதின் நகலும், பேருந்தில் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் எடுத்த பாட்டில் படங்களும் இணைத்திருக்கிறேன். பதிலை மெயிலில் மட்டும் அனுப்பவும். அந்த ஊழியரை மறுபடி என்னிடம் பேசவிட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பெட்டியை நம்பி வாங்கிய ஒரு தாய்