ஒட்டும் முன் பிளாஸ்டிக்கின் வகையைப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினிகளைப் பழுதுபார்ப்பது பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆயினும், உடைந்த பிளாஸ்டிக் எதுவானாலும் அசிட்டோன் தடவி ஒட்டிவிடலாம் என்று அதில் கண்ட வரியை, யாங்கோனில் 20 ஆண்டுகளாகப் பழுதுபார்க்கும் கடை நடத்திவரும் என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை.

அசிட்டோன் பசை அன்று. ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவம். கரைந்த இரு விளிம்புகளும் கலந்து, அசிட்டோன் ஆவியாகிப் போனபின் ஒரே துண்டாக இறுகுவதால்தான் அந்த ஒட்டு நிற்கிறது. பழைய மானிட்டர் கூடுகளும் மேசைக் கணினிகளின் முகப்புகளும் பெரும்பாலும் ஏபிஎஸ் என்பதால் அவற்றுக்கு இது பொருந்தும். மடிக்கணினிகளின் உடலிலோ பல நேரம் பாலிகார்பனேட் என்னும் வேறொரு பிளாஸ்டிக் கலந்திருக்கும். அதில் அசிட்டோன் பட்டால் மேற்பரப்பு வெளுத்து மயிரிழை விரிசல்கள் ஓடும். பாகத்தின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், இரு கோணக் குறிகளுக்கு நடுவே வகையின் பெயர் பெரும்பாலும் அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். அதைப் படிக்க ஒரு நிமிடம் போதும்.

கோயில் மாலை வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஒருவரின் மடிக்கணினி சென்ற மழைக்காலத்தில் என்னிடம் வந்தது. கீல் திருகுகளைப் பிடித்திருந்த பித்தளை மரை, சுற்றியிருந்த பிளாஸ்டிக்கோடு பிய்ந்து வந்திருந்தது. வீட்டிலேயே அசிட்டோன் தடவியிருந்ததால் அந்த மூலை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, நகம் பட்டாலே உதிர்ந்தது. உதிர்ந்ததைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன். மரையை முதலில் கீலிலேயே திருகி இடம் சரிபார்த்தபின் எபாக்சி என்னும் கெட்டிப் பசையில் புதைத்து, ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் வைத்தேன். அதற்கும் முன்பாகக் கீலின் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். பிளாஸ்டிக்கைப் பிய்த்தது இறுகிப்போன அந்தக் கீல்தான். அதைத் தளர்த்தாமல் ஒட்டினால் எந்த ஒட்டும் மறுபடி பிய்யும்.

சூப்பர் குளூவோடு ஆப்பசோடா தூவும் முறையையும் கட்டுரை பாராட்டியிருந்தது. நொடியில் கல்லாக இறுகுவது உண்மை. திருகு ஓட்டை தேய்ந்திருந்தால் நிரப்பவும் உதவும். ஆனால் அது நொறுங்கும் தன்மையுள்ளது. நாள்தோறும் மூடித் திறக்கும் கீலின் இழுப்பைத் தாங்காது.

ஏபிஎஸ் பாகத்தில் ஒரு துண்டே காணாமற்போயிருந்தால், கழித்துப் போட்ட ஏபிஎஸ் துண்டுகளைக் கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் ஊற்றிக் கூழாக ஊறவைத்து, அந்தப் பள்ளத்தை அடுக்கடுக்காக நிரப்பலாம். நகப்பூச்சு நீக்கிகளில் சிலவற்றில் அசிட்டோனே இல்லை. ஆகவே புட்டியின் எழுத்தைப் படித்து வாங்க வேண்டும்.

கட்டுரை சொல்லாமல் விட்ட ஒன்று என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. அசிட்டோனின் ஆவி எளிதில் தீப்பற்றும். மின்சாரம் போய்ப் போய் வரும் நம் ஊரில் மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்குபவர்கள் இருப்பார்கள். பகலில், சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் சுடரும் அருகில் இல்லாத இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும் என்பதைத் தாங்கள் அடுத்த இதழிலேயே தெளிவாக வெளியிடும்படி வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
யாங்கோன்.