கண் பரிசோதனைச் சீட்டு பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் நம் பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் பார்வைக் குறை தெரிந்த பிள்ளைகளிடம் மஞ்சள் சீட்டு கொடுத்து அனுப்பினோம். டாக்டரிடம் காட்டிவிட்டுத் திருப்பித் தரச் சொல்லியிருந்தோம். சீட்டு வந்தபாடில்லை, டப்பாவில் கேரட்தான் வருகிறது. கேரட் சாப்பிட்டால் கண்ணாடியே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதாம்.

கேரட் நல்லதுதான், மறுக்கவில்லை. அதிலுள்ள பீட்டா கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். மங்கிய வெளிச்சத்தில் கண் தெரிவதற்கு விழித்திரையில் ரொடாப்சின் என்று ஒரு நிறமி இருக்கிறது. அது உருவாக இந்த வைட்டமின் வேண்டும். குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். அப்படியே விட்டால் கண் வறண்டு, கருவிழி புண்ணாகிப் பார்வையே போகலாம். கைக்குழந்தைகளுக்கு 9 மாதத்தில் தொடங்கி 5 வயது வரை அரசு வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுப்பது இதற்காகத்தான்.

ஆனால் நம் பிள்ளைகளில் பலருக்கு இருப்பது கிட்டப்பார்வை. விழிக்கோளம் சற்று நீண்டுவிடுவதால், தூரத்தில் உள்ளது விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. நீண்டதை எந்தக் காய்கறியும் குறைக்காது. ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவி கரும்பலகையைப் பார்ப்பதே இல்லை. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறாள், அவள் செய்யும் எழுத்துப்பிழை உட்பட. ‘பொம்பளப் பிள்ளைக்குக் கண்ணாடியா?’ என்று வீட்டில் தயங்குகிறார்கள். கல்யாணப் பேச்சுக்கு இன்னும் காலம் கிடக்கிறது. பரீட்சை அடுத்த மாதம்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். கேரட்டுக்கு அலைய வேண்டாம். தாராவி 90 அடி ரோட்டில் முருங்கைக்கீரை கிடைக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் விட்டு வதக்கி, முடிந்தால் ஒரு முட்டையும் உடைத்து ஊற்றுங்கள். வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது. எண்ணெய் இல்லாமல் வெறுமனே வேகவைத்தால் உடம்பில் சரியாகச் சேராது. கீரையிலும் முட்டை மஞ்சள் கருவிலும் லூட்டீன் என்ற சத்தும் உண்டு. அது விழித்திரையின் நடுப்பகுதியில் போய்ச் சேர்கிறது. பாலக், பப்பாளி, இங்கே லால் போப்ளா என்று விற்கும் பரங்கிக்காய், அசைவம் உண்பவர்களுக்கு ஆட்டு ஈரல், எல்லாமே நல்லது. பாக்கெட் சிப்ஸ் மட்டும் வேண்டாம்.

‘கண் டானிக்’ என்று கடையில் விற்பதையும் மாத்திரைகளையும் டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள். வைட்டமின் ஏ ஈரலில் தங்கிவிடும். அளவு மீறினால் தலைவலி, வாந்தி தொடங்கி ஈரலே கெடலாம்.

இன்னொன்று, பிள்ளைகளை வெயில் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். தினமும் 2 மணி நேரமாவது வெளியில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. பத்துக்குப் பத்து வீட்டில் இருந்துகொண்டு எங்கே போவது என்பீர்கள். நியாயம்தான். வரும் திங்கள் முதல் பள்ளி விட்டதும் மைதானத்தை ஒரு மணி நேரம் திறந்து வைக்கிறோம்.

சயான் ஆஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கிறது. சீட்டையும் ஆதார் அட்டையையும் எடுத்துப் போங்கள். கண்ணாடி வாங்கப் பணம் தட்டுப்பாடு என்றால் கூச்சப்படாமல் என்னிடம் வாருங்கள். சனிக்கிழமை காலை 11 மணி வரை அறையில் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்