சிலந்தி பூச்சி இல்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

நெல் வயலில் புதுச் சிலந்தி இனம் கண்டுபிடிப்பு என்று ஒரு மூலையில் செய்தி போட்டிருந்தீர்கள், சந்தோஷம், ஆனால் அதைப் 'பூச்சி' என்று எழுதிவிட்டீர்கள். பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு, உணர்கொம்பும் கிடையாது.

அப்புறம், அது புதிது என்று எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லவே இல்லையே! நிறத்தையும் அளவையும் மட்டும் பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள். முதிர்ந்த ஆண் சிலந்தியின் வாயருகே குட்டிக் கால் மாதிரி இரண்டு உறுப்புகள் இருக்கும், அவற்றின் நுனியிலுள்ள வளைவையும் முள்ளையும், பெண்ணின் அடிவயிற்றிலுள்ள இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தையும் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து, ஏற்கெனவே பெயர் வைத்த நெருங்கிய இனங்களோடு ஒப்பிட வேண்டும். உலகில் பெயர் பெற்ற சிலந்திகளே 50,000-க்கு மேல், எனவே லேசான வேலை இல்லை. பெயர் வைத்த மாதிரியை ஆல்கஹாலில் போட்டு அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்துவார்கள்.

வயலில் இவை என்ன செய்கின்றன என்றும் எழுதியிருக்கலாம். ஓநாய்ச் சிலந்தி இரை பிடிக்க வலை பின்னாது, தூருக்கடியில் தண்ணீர் மேலேயே ஓடி, நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பூச்சியைப் பிடிக்கும், தாய் முட்டைப் பையைப் பின்னால் ஒட்டிக்கொண்டு திரியும். நீள்தாடைச் சிலந்தியோ காலை முன்னும் பின்னும் நீட்டி நெல் தாளோடு தாளாகப் படுத்திருக்கும், பக்கத்தில் போனாலும் தெரியாது. கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் இவையும் சேர்ந்து செத்து, புகையான் முன்பைவிட அதிகமாகப் பெருகும்.

அடுத்த முறை அதன் அறிவியல் பெயரையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்