வெஸ்ட் டாக்டரும் நம்ம ஊரும்

பாப்பா,

நேத்து நீ போன்ல அழுததுல இருந்து மனசே சரியில்ல, அப்ப பேச்சு வரல, அதான் எழுதுறேன். காலேஜ் ட்ராக்ல முட்டி வீங்கி ஓடினப்பகூட நீ அழுததில்ல, இப்ப ஒரு பேஷன்ட் "எனக்கு வேற டாக்டர் வேணும்"னு மூஞ்சிக்கு நேரா சொன்னதும் உடைஞ்சு போய்ட்ட. எனக்கும் வயிறு எரியுதும்மா.

நம்ம வர்ஜீனியா அலெக்ஸாண்ட்ரியாலயே சார்லஸ் வெஸ்ட்னு ஒரு கறுப்பின டாக்டர் இருந்திருக்கார். பிறந்தது பென்சில்வேனியால வாஷிங்டன்ங்கற சின்ன ஊரு. அங்கயே வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன் காலேஜ்ல படிச்சார், மொத்தமே ஒரு 450 பேர் படிச்ச காலேஜ். அவ்ளோ குட்டி காலேஜ் 1922 ஜனவரி 2ல ரோஸ் பவுல்ங்கற பெரிய அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் ஆட கலிஃபோர்னியால பசடீனா வரைக்கும் போகுது, எதிர்ல தோல்வியே தெரியாத கலிஃபோர்னியா டீம். சேறான கிரவுண்டுல ஒரு ஆளக்கூட மாத்தாம அதே 11 பேர் கடைசி வரைக்கும் நின்னு 0-0னு முடிச்சாங்க. அதுல குவார்ட்டர்பேக், அதாவது டீமோட ஆட்டத்த நடத்துற ஆள், வெஸ்ட்! ரோஸ் பவுல்ல அந்த இடத்துல ஆடின முதல் கறுப்பர் அவர்தான். பென் ரிலேஸ்ங்கற பெரிய தடகளப் போட்டில பென்டத்லானும் ஜெயிச்சிருக்கார், ஓட்டம் தாண்டல் ஈட்டி தட்டு எல்லாம் ஒரே ஆள் செய்யணும், உனக்குத் தெரியாததா.

1923ல வர்ஜீனியாவோட வாஷிங்டன் அண்ட் லீ காலேஜ், வெஸ்ட் இறங்கினா நாங்க ஆடமாட்டோம்னுட்டாங்க. வெஸ்ட்டோட காலேஜ் அவர உக்கார வைக்க முடியாதுன்னுருச்சு, மேட்ச்சே நடக்கல. அந்தப் பேர்ல இருக்கற லீ, அமெரிக்க உள்நாட்டுப் போர்ல, அடிமை முறைய விடமாட்டோம்னு நின்ன தெற்குப் படைய நடத்தின ஜெனரல், வளந்தது இதே அலெக்ஸாண்ட்ரியால.

வெஸ்ட் ஹோவர்ட் யுனிவர்சிட்டில மெடிசின் முடிச்சுட்டு போர்டு மாட்டினது எங்க தெரியுமா, அதே வர்ஜீனியால, லீ வளந்த இந்த ஊர்ல! அப்ப ஊர் எப்படி இருந்துச்சுன்னா, நான் பேப்பர் படிக்கப் போற குயின் ஸ்ட்ரீட் லைப்ரரில 1939ல அஞ்சு கறுப்புப் பசங்க கார்டு கேட்டிருக்காங்க, இல்லன்னதும் ஆளுக்கொரு புக்க எடுத்து தனித்தனி டேபிள்ல சத்தமில்லாம படிக்க உக்காந்துட்டாங்க, அதுக்கு போலீஸ் வந்து அரெஸ்ட் பண்ணிருக்கு. படிச்சதுக்கு! அங்க சேர இழுத்துப் போட்டு உக்காரும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வந்துடுது. அப்படிப்பட்ட ஊர்ல அவர் வருஷக்கணக்கா வைத்தியம் பாத்திருக்கார்.

அவர் தாங்கிக்கிட்டார் நீயும் தாங்கிக்கோன்னு சொல்ல இத எழுதலடா கண்ணு, அந்த மாதிரி புத்திமதி எனக்கே பிடிக்காது. ராத்திரி பூரா எனக்கு ஓடுனது அந்த நடக்காத மேட்ச்தான். ஒரு காலேஜே மேட்ச் போனா போகுதுன்னு ஒரு பையனுக்காக நின்னிருக்கு. நீ போன்ல சொன்னப்போ சீனியர் டாக்டரும் ரெண்டு நர்ஸும் பக்கத்துலதான் இருந்தாங்கன்னியே, அந்த பேஷன்ட் அப்படிச் சொன்னப்போ அவங்க என்ன சொன்னாங்க? அத மட்டும் நீ சொல்லவே இல்ல.

அப்பா