193 பேரும் சமவாய்ப்பு எண்களும்

ஆசிரியருக்கு,

காசநோய் குறித்த தங்கள் கட்டுரை மருந்துகளோடு நின்றுவிட்டது. புள்ளியியலுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகள். யாருக்கு வீட்டில் சிகிச்சை, யாருக்கு சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) என்பதை மருத்துவர் விருப்பத்துக்கு விடாமல், குலுக்கல் போல் எந்த ஒழுங்குமின்றி அமைந்த சமவாய்ப்பு எண்களைக் கொண்டு பிரித்தார்கள். இல்லாவிட்டால் நோய் முற்றியவர்களையெல்லாம் இரக்கப்பட்டு சானடோரியத்துக்கே அனுப்பியிருப்பார்கள், ஒப்பீடே கெட்டிருக்கும். ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், நெரிசலான வீடுகளில் 86 சதவீதம். நல்ல சாப்பாடும் ஓய்வும் சானடோரியத்தில்தான் அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்! வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகவும் பரவவில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகுதான் சானடோரியம் கட்டாயம் என்ற எண்ணம் ஆட்டம் கண்டது.

— வாசகர், சென்னை