லாக்ராஸ் கிளப்: பிள்ளை ஆடப்போவது எந்த அணியில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் பிள்ளைகளின் கிளப் விளையாட்டு பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, லாக்ராஸ் (முனையில் வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து வீசிக் கோல் போடும் ஆட்டம்) கிளப்பை எடைபோட இரண்டு அளவுகோல்களைச் சொன்னது: வென்ற கோப்பைகள், கல்லூரி அணிகளுக்குப் போன பிள்ளைகளின் பட்டியல். மேரிலாந்து, நியூ ஜெர்சி பக்கம் பல கிளப்புகள் கோடையிலேயே அடுத்த ஆண்டுக்கான ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்துவிடுகின்றன. கட்டுரை சொன்ன அந்த இரண்டு அளவுகோல்களை மட்டும் நம்பிப் பணம் கட்டும் பெற்றோர் ஏமாற நிறைய இடமிருக்கிறது.

பெரிய கிளப்பில் ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு, மூன்று அணிகள் இருக்கும். விளம்பரத்தில் வருவது முதல் அணி. இரண்டாம் அணிக்கும் அதே சட்டை, அதே சின்னம், பெரும்பாலும் அதே கட்டணம். பயிற்சியாளரும் போட்டிகளும் வேறு. ஆகவே கேட்க வேண்டியது கிளப் எப்படி என்பதையல்ல. என் பிள்ளைக்கு எந்த அணி, அதற்குப் பயிற்சியாளர் யார், பருவம் முழுவதும் அவரே இருப்பாரா என்று கேட்க வேண்டும். தேர்வு நாளில் விசிலோடு நின்ற பிரபல ஆட்டக்காரர் குளிர்காலப் பயிற்சிக்கு வராமலும் போகலாம்.

அடுத்தது தலை எண்ணிக்கை. ஆண்பிள்ளைகளின் மைதான லாக்ராஸில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர்: கோலி (கோல் காப்பவர்) ஒருவர், தடுப்பு மூவர், நடுக்களம் மூவர், தாக்குதல் மூவர். வார இறுதிப் போட்டிகளில் ஓர் ஆட்டம், கடிகாரம் நிற்காமல், ஏறக்குறைய 40 நிமிடம். தாக்குதலுக்கு மூன்று இடம் என்றால் மொத்தம் 120 நிமிடம். அதை ஐந்து பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 24 நிமிடம். எட்டுப் பேர் பகிர்ந்தால் 15. சமமாகப் பங்கிட்டால்தான் இந்தக் கணக்கும். இறுதிச் சுற்று நெருங்கினால் யாரும் சமமாகப் பங்கிடுவதில்லை. நடுக்களத்தவர் இரு முனைக்கும் ஓடி அடிக்கடி மாறுவதால் அங்கே ஒன்பது பேர்கூடத் தாங்கும். கோலி இருவர் இருந்தால் ஆளுக்குப் பாதி ஆட்டம். மூவரை எடுத்த அணியில் ஒருவர் பணம் கட்டிய பார்வையாளர்தான். மொத்தம் 22, 23 பேர் போதும். 28 பேரைச் சேர்க்கிற கிளப் யாருடைய நலனுக்காகச் சேர்க்கிறது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

சொல்லாமல் போய் இரண்டாம் அணியின் பயிற்சியைப் பாருங்கள். ஒரே ஒரு பிள்ளையின் மேல் கண் வைத்து, 15 நிமிடத்தில் எத்தனை முறை பந்து அவன் மட்டையின் வலைக்கு வந்தது என்று எண்ணுங்கள். 12 பேர் ஒரே வரிசையில் நின்று முறைக்காகக் காத்திருந்தால், 90 நிமிடப் பயிற்சியில் பெரும்பகுதி நிற்பதிலேயே போகும். இரு கையாலும் பிடித்து வீசப் பழக்குகிறார்களா, கோலியை யாராவது தனியே கவனிக்கிறார்களா, அல்லது வெறுமனே பந்தடித்துப் பார்க்கும் இலக்காக நிறுத்திவிடுகிறார்களா? பல கிளப்புகளின் குட்டு கோலியிடம்தான் உடைகிறது.

இனி கோப்பைகள். ஒரே போட்டியில் பல தரப் பிரிவுகள் உண்டு. வலுவான அணியைக் கீழ்ப்பிரிவில் இறக்கினால் கோப்பை எளிது. வேறு கிளப் பிள்ளைகளை ஒரு வார இறுதிக்கு மட்டும் விருந்தாளியாக அழைத்து ஆடவைப்பதும் நடக்கிறது. அன்றைக்கு உட்கார்ந்திருப்பவர் ஆண்டுக் கட்டணம் கட்டியவர். இன்னொன்று, ‘2031 அணி’ என்பது பள்ளி முடிக்கும் ஆண்டு, பிறந்த ஆண்டல்ல. ஒரு வகுப்பைத் திரும்பப் படித்த பிள்ளை ஒரு வயதுக்கு மேல் மூத்தவராக அதே அணியில் இருக்கலாம். பதின்மூன்று வயதில் அந்த இடைவெளி உடம்பில் அப்பட்டமாகத் தெரியும். அணியின் வயது வீச்சைக் கேட்டுவிட்டுத்தான் பிள்ளை பின்தங்குகிறான் என்று முடிவுகட்ட வேண்டும்.

கல்லூரிப் பட்டியல் நம் ஊர் பயிற்சி மையங்களின் விளம்பரத் தட்டி மாதிரி. ஒரே மாணவனின் படம் இரண்டு மையத்துத் தட்டிகளிலும் சிரிக்கும். இவன் உங்களிடம் எத்தனை வருடம், எந்த அணியில் ஆடினான் என்று கேட்டால் பட்டியல் சுருங்கிவிடும். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு கல்லூரிகளை மூன்று பிரிவாக வைத்திருக்கிறது; அதன் விதிப்படி உச்சமான முதல் பிரிவுக் கல்லூரிப் பயிற்சியாளர்கள், பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1 வரை பிள்ளையோடு சேர்க்கை பற்றிப் பேசக்கூடாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கல்லூரித் தொடர்பு வாங்கித் தருகிறோம் என்பது வெறும் வியாபாரப் பேச்சு. உதவித்தொகைக் கனவையும் அளந்தே காண வேண்டும். மூன்றாம் பிரிவிலும், ஹார்வர்ட், யேல் போன்ற பல்கலைக்கழகங்கள் அடங்கிய ஐவி லீக்கிலும் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. முதல் பிரிவு ஆண்கள் அணிக்கு 2025 வரை உச்சவரம்பு 12.6 முழு உதவித்தொகைதான். நாற்பதுக்கு மேற்பட்டோர் உள்ள அணியிலும் அதைத்தான் பிய்த்துக் கொடுத்தார்கள். 2025இல் ஒரு வழக்கின் சமரசத்தால் வந்த புதிய ஏற்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் அந்த வரம்பு போய், ஆண்களுக்கு 48, பெண்களுக்கு 38 என ஆள் வரம்பு வந்திருக்கிறது. அதனால் எல்லாருக்கும் பணம் வரும் என்று பொருளல்ல.

செலவில் கட்டணம் பாதிக் கதைதான். சீருடை, பயணம், உணவு தனி. சில போட்டிகளில், அவர்கள் சொல்லும் ஓட்டலில் தங்கினால்தான் அணி ஆட முடியும். மொத்தத்தையும் கூட்டி, பயிற்சி நேரத்தாலும் ஆட்டங்களின் எண்ணிக்கையாலும் வகுத்துப் பார்த்தால் விலை குறைந்ததாகத் தோன்றிய கிளப் சில சமயம் விலை கூடியதாகிவிடும்.

பாதுகாப்பில் பேரம் வேண்டாம். கெட்டியான ரப்பர் பந்து இதயத் துடிப்பின் குறிப்பிட்ட கணத்தில் மார்பில் பட்டால் இதயம் நின்றுபோகக்கூடும். அதனால்தான் பள்ளி ஆட்டங்களில் ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் 2022 முதல் என்டி 200 என்ற பாதுகாப்புத் தரத்தின் முத்திரை உள்ள மார்புக் காப்பு கட்டாயம். பழைய தோள்காப்பை அண்ணனிடமிருந்து தம்பிக்கு மாற்றுமுன் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். காப்பு இருந்தாலும் ஆபத்து முழுதாக நீங்காது; மின்னதிர்வு கொடுத்து இதயத்தை மீட்கும் கருவி மைதானத்தில் எங்கே இருக்கிறது என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். யோசிக்காமல் கைகாட்ட வேண்டும். பெண்பிள்ளைகள் ஆட்டத்தில் உடல் மோதலுக்கு இடமில்லை, கண் காப்பு கட்டாயம், மட்டையின் வலை ஆழமும் குறைவு. ஆண்கள் ஆட்டத்தை மட்டும் அறிந்த பயிற்சியாளர் அங்கே திணறுவார்.

தேர்வு முடிந்த இரவே மின்னஞ்சல் வரும்: இடம் உண்டு, 48 மணி நேரத்துக்குள் முன்பணம் கட்டவும், திருப்பித் தரப்படாது. அந்த அவசரத்தில் எந்தக் கேள்வியும் நாவில் வராது. அணி, பயிற்சியாளர், ஆள் எண்ணிக்கை, காயம்பட்டால் பணம் திரும்புமா, பள்ளிக் கூடைப்பந்துக்காகப் பயிற்சியைத் தவறவிட்டால் தண்டனை உண்டா என்பதையெல்லாம் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
லாக்ராஸ் பயிற்சியாளர்கள் இருவர்,
மேரிலாந்து